உடற்பருமனும் உணவுச் செலவும்

கல்லூரித் தாயின் விழாவினை முன்னிட்டுப் பழைய மாணவர் ஒருங்குகூடும்போது, ஒருவரையொருவர் கண்டு அளவளாவும் மகிழ்ச்சியினூடே ஓர் உண்மையும் கண்ணிற் படுகின்றது. ஒருகாலத்தில் மைதானத்தின் எல்லைவரை ஓடிப் பந்து பிடித்தவர், இன்று மண்டபத்தின் படியேறி வந்து மூச்சு வாங்குகின்றார். பரிசளிப்பு விழாவில் மெலிந்த கைநீட்டிப் புத்தகம் பெற்றவர், இன்று சட்டைப்பையில் மாத்திரைச் சரை வைத்திருக்கின்றார். சங்கத்தின் பெயர்ப்பட்டியலைப் புரட்டினால் ஆண்டுதோறும் சில பெயர்கள் நீங்குகின்றன. அவற்றுட் சில அறுபது வயதையும் எட்டாதவர்களுடையவை. நீரிழிவும், இரத்த அமுக்கமும், மாரடைப்பும் எம் வகுப்புத் தோழர் பலரை எம்மிடமிருந்து பிரித்துவிட்டன. இம்மூன்றுக்கும் பொதுவான காரணங்களுள் ஒன்று உடற்பருமன். ஆதலின் விழா மலரில் உணவினைப் பற்றி எழுதப் புகுந்தமை பொருத்தமற்றதென அன்பர்கள் கருதார் என நம்புகின்றோம்.

இதனை எழுதத் தூண்டியவர் எம்முடன் ஒரே வாங்கிலிருந்து பயின்ற நண்பர் ஒருவர். ஆசிரியப் பணியினின்றும் இளைப்பாறி ஓய்வூதியத்தில் வாழ்பவர். அண்மையில் அவரைக் கண்டபோது, "வைத்தியர் நிறையைக் குறைக்கச் சொல்லுகின்றார். ஓட்ஸ் உண்ணவேண்டுமாம், ஒலிவ் எண்ணெய் வாங்கவேண்டுமாம், அப்பிள் தின்னவேண்டுமாம் என்று அயலவர் சொல்லுகின்றனர். என் ஓய்வூதியத்தில் இது நடக்கிற காரியமா, சொல்லும் பார்ப்போம்? மெலிவதற்கும் பணக்காரனாகத்தான் இருக்கவேண்டும் போலிருக்கின்றது" என்று கூறிச் சிரித்தார். சிரிப்பின் பின்னே கவலை இருந்தது. அவர் சொல்லியது உண்மைதானா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பருமன் செல்வத்தின் அடையாளமா?

நம்மவரிடையே பருத்த உடல் வளமான வாழ்வின் அடையாளமாக நெடுங்காலம் மதிக்கப்பட்டது. சற்று மெலிந்தவரைக் கண்டால் "என்ன, வருத்தமோ?" என்று வினவுவதும், பருத்தவரைக் கண்டால் "நன்றாயிருக்கின்றீர்" என்று பாராட்டுவதும் இன்றும் மறையவில்லை. உண்மையோ வேறாகிவிட்டது. இன்று பருமன் எளியவர் இல்லத்திலும் காணப்படுகின்றது. காரணம் எளிது. கைக்காசு குறையும்போது மனிதர் முதலிற் கைவிடுவன மரக்கறியும், பழமும், பயறும், மீனும், முட்டையும். கைவிடாது பற்றிக்கொள்வன சோறும், பாணும், சீனியிட்ட தேநீரும். இவை குறைந்த காசில் வயிற்றை நிரப்புவன. வயிறு நிரம்புகின்றது, நிறையும் ஏறுகின்றது. ஆயினும் உடலுக்கு வேண்டிய புரதமும், இரும்பும், உயிர்ச்சத்தும் கிடைப்பதில்லை. ஒரே உடலிற் பருமனும் சத்துக்குறைவும் ஒருங்கே குடியிருத்தல் இக்காலத்து விந்தை.

2022 ஆம் ஆண்டு புரட்டாதியில் இலங்கையில் உணவுப் பொருள்களின் விலை, கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி, ஓராண்டுக்கு முன்னிருந்ததிலும் நூற்றுக்கு 94.9 பங்கு உயர்ந்திருந்தது. அக்காலத்துப் பல வீடுகளிற் கறிச்சட்டிகளின் எண்ணிக்கை குறைந்ததையும், சோற்றுக் குவியலின் உயரம் குறையாததையும் யாம் கண்டோம்.

2008 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வின்படி இந்நாட்டு வயதுவந்தோருள் ஏறக்குறைய ஐவரில் ஒருவர் நீரிழிவோ அதற்கு முந்திய நிலையோ உடையவர். போர் காரணமாக வடக்கும் கிழக்கும் அவ்வாய்விற் சேர்க்கப்படவில்லை. நாம் எண்ணப்படாமையால் நோய் நம்மை விட்டுவைத்ததென எண்ணுதல் பேதைமை.

முன்னோர் உண்டதும் நாம் உண்பதும்

"எங்கள் பாட்டனார் மூன்று வேளையும் வயிறார உண்டார். அவருக்கு ஒரு நோயும் இல்லையே" என்பார் உளர். பாட்டனார் விடியுமுன் எழுந்து, துலா மிதித்து நீர் இறைத்துத் தோட்டத்துக்குப் பாய்ச்சினார். மண்வெட்டி பிடித்தார். சந்தைக்கு நடந்து சென்றார். அவர் உண்ட பழஞ்சோறு உச்சிப்பொழுதுக்கு முன்னரே வியர்வையாகிவிட்டது. துலாவின் இடத்தை நீரிறைக்கும் இயந்திரம் பிடித்தது. நடையின் இடத்தைச் சைக்கிளும், பின்னர் மோட்டார்ச் சைக்கிளும் பிடித்தன. உழைப்பு மாறியது, தட்டின் அளவு மட்டும் மாறவில்லை. பாட்டனாரின் தட்டைப் பேரன் கையிலேந்தி நாற்காலியில் அமர்ந்துவிட்டான்.

உண்ணும் பொருளும் மாறியது. 1942 இற் பர்மா யப்பானியர் வசமாகி, அங்கிருந்து வந்த அரிசி நின்றபோது, பங்கீட்டு முறையினூடாகக் கோதுமை மா நம் அடுக்களைக்குள் நன்கு நுழைந்தது. குரக்கனும், சாமையும், வரகும், ஒடியலும் பின்தள்ளப்பட்டன. வேலியோரத்து முருங்கையும் கிணற்றடிக் கீரையும் காசில்லாமற் கிடைத்தவை. வேலி மதிலானபோது அவையும் பல வளவுகளினின்றும் நீங்கின. ஆகவே பழமை முழுவதும் பொன்னென்று சொல்லவரவில்லை. அக்காலத்துப் பசியும் வறுமையும் போற்றத்தக்கனவல்ல. 1990 களிற் பொருளாதாரத் தடையின்போது நம் மக்கள் மெலிந்தது நலத்தினாலன்று, இல்லாமையினால். யாம் கூறுவது பட்டினியன்று, அளவு.

நிறை ஏறுதலும் இறங்குதலும்

உணவிலிருந்து பெறும் சத்தியைக் கலோரி என்னும் அலகினால் அளப்பர். மாச்சத்து ஒரு கிராம் 4 கலோரியும், புரதம் ஒரு கிராம் 4 கலோரியும், கொழுப்பு ஒரு கிராம் 9 கலோரியும் தரும். செலவிடும் அளவிலும் கூடுதலாக உண்டால் எஞ்சியது கொழுப்பாகச் சேமிக்கப்படும். குறைவாக உண்டால் சேமிப்பிலிருந்து எடுக்கப்படும். உடற்கொழுப்பு ஒரு கிலோ ஏறக்குறைய 7,700 கலோரிக்குச் சமம். வங்கிக் கணக்கினை ஒத்ததே இது. ஆயின் இங்கே சேமிப்பு ஏறுவது நன்மையன்று.

தமக்கு நிறை மிகுந்துள்ளதா என்று அறிய விரும்புவோர், கிலோவில் அளந்த நிறையை, மீற்றரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தாற் பிரிக்க. வருவது உடற்றிணிவுச் சுட்டியாகும். ஆசிய மக்களுக்கு இஃது 23 ஐக் கடந்தால் ஆபத்துத் தொடங்குகின்றது, 27.5 ஐ எட்டினால் ஆபத்து மிகுகின்றது. எடுத்துக்காட்டாக, 1.65 மீற்றர் உயரமுடையவர் 75 கிலோ நிறையாயின் அவருடைய சுட்டி 27.5 ஆகும். நாடாவினால் இடுப்பினை அளத்தலும் நன்று. தென்னாசிய ஆடவர்க்கு 90 சென்ரிமீற்றரும், பெண்டிர்க்கு 80 சென்ரிமீற்றரும் எல்லை எனக் கொள்ளப்படும்.

இங்கே அஞ்சவேண்டுவதில்லை. 75 கிலோ உடையவர் உடனே 60 கிலோவாக வேண்டுமென்பதில்லை. நிறையில் நூற்றுக்கு ஐந்து பங்கு, அதாவது நாலு கிலோ அளவிற் குறைந்தாலே குருதியிற் சர்க்கரையும் அமுக்கமும் சீர்ப்படத் தொடங்கும்.

முதலிற் கழித்தல், பின்பு கூட்டல்

நண்பர் செய்த தவறு யாதெனின், கூட்டலை முதலிற் செய்ய முயன்றமை. இருக்கும் உணவுடன் ஓட்ஸையும் ஒலிவ் எண்ணெயையும் சேர்க்கப் புகுந்தால் செலவும் ஏறும், கலோரியும் ஏறும். ஒலிவ் எண்ணெயும் எண்ணெயே. நிறையைப் பொறுத்தவரை தேங்காயெண்ணெயிலும் அது இலேசானதன்று. முதலிற் கழிக்க. கழித்ததனால் மிஞ்சும் காசினைக் கொண்டு பின்பு கூட்டுக. கீழ்வகுப்பிற் கற்ற கணக்கே போதுமானது.

நண்பரும் அவர்தம் துணைவியாரும் என இருவருக்கு யாம் இட்ட கணக்கினை இங்கே தருகின்றோம்.

முதலாவது சீனி. நாளொன்றுக்கு நாலு தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி. தேக்கரண்டி ஒன்று 5 கிராமாகக் கொண்டால் 40 கிராம் சீனி, 160 கலோரி. உலக சுகாதார நிறுவனம் 2015 இல் வெளியிட்ட அறிவுரையின்படி, சேர்க்கப்படும் சீனி நாளைச் சத்தியில் நூற்றுக்குப் பத்துப் பங்கிலும் குறைதல் வேண்டும், ஐந்து பங்கிலும் குறையின் மேலும் நன்று. 2,000 கலோரி உண்பவர்க்கு முன்னது 50 கிராம், பின்னது 25 கிராம். தேநீர் ஒவ்வொன்றுக்கும் அரைத் தேக்கரண்டி என்று குறைத்தால் 10 கிராமே செல்லும். நாவு பழகுவதற்கு மூன்று நாலு கிழமை எடுக்கும். ஒரேயடியாக அன்றி, கிழமைக்கு அரைக் கரண்டியாகக் குறைத்தல் எளிது. மிச்சம் 120 கலோரி.

இரண்டாவது எண்ணெய். பொரியலும், தாளிதமும், மாலைநேரத்து வடையும் ரோல்ஸும் ஆக உட்செல்லும் எண்ணெயில் நாளுக்கு மூன்று தேக்கரண்டி குறைத்தால் 120 கலோரி மிச்சம். கத்தரிக்காயைப் பொரித்துக் குழம்பு வைப்பதற்குப் பதிலாக அவித்தோ சுட்டோ சமைக்கலாம். சட்டியில் எண்ணெயைப் போத்தலிலிருந்து சரித்து ஊற்றாது கரண்டியால் அளந்து விடுதல் வேண்டும். இச்சிறு பழக்கம் ஒன்றே பாதி வெற்றி.

மூன்றாவது சோறு. நண்பகலில் மூன்று கோப்பைச் சோறு உண்பவர் இரண்டு கோப்பையுடன் நிறுத்தினால் ஏறக்குறைய 200 கலோரி மிச்சம்.

ஆக மொத்தம் 440 கலோரி. மாதம் ஒன்றில் இருவருக்கும் மிஞ்சுவன சீனி 1.8 கிலோ, எண்ணெய் 900 மில்லிலீற்றர், அரிசி 3 கிலோ. இம்மூன்றின் விலையையும் தம் ஊர்க் கடையில் இன்றைய விலைப்படி வாசகர்களே கணித்துப் பார்க்க. அதுவே பருப்புக்கும், கீரைக்கும், முட்டைக்கும் உரிய முதல். நண்பர் மாலைதோறும் கடையில் உண்ட சிற்றுண்டியின் காசை யாம் இக்கணக்கிற் சேர்க்கவில்லை. அதனை அவரே வெட்கத்துடன் பின்னர் சேர்த்துக்கொண்டார்.

கூட்டவேண்டுவன யாவை?

தட்டினை மனத்தால் நாலு பங்காக்குக. இரண்டு பங்கு கீரையும் மரக்கறியும். ஒரு பங்கு சோறு அல்லது பிட்டு, இடியப்பம். எஞ்சிய ஒரு பங்கு பருப்பு, பயறு, கடலை, முட்டை, மீன் என்பவற்றுள் ஒன்று. இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. உருளைக்கிழங்கு, மரவள்ளி, பலாக்கொட்டை என்பன கறிச்சட்டியில் வெந்தாலும் மாச்சத்துக்களே. பாணுக்கு உருளைக்கிழங்குக் கறி தொட்டுக்கொள்வது மாவுக்கு மாவையே கறியாக்குவதாகும். ஓர் இறாத்தல் எனப்படும் 450 கிராம் பாணின் காற்பங்கே ஏறக்குறைய 300 கலோரி தரும் என்பதையும் நினைவிற் கொள்க.

கீரைகளில் யாழ்ப்பாணம் வறியதன்று. முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல், பொன்னாங்காணி, முசுட்டை, அகத்தி என்பன திருநெல்வேலிச் சந்தையிலோ சுன்னாகச் சந்தையிலோ மிகுந்த விலையின்றிக் கிடைப்பவை. வளவில் ஒரு முருங்கைத் தடி நாட்டினால் அவ்விலையும் வேண்டா. கீரை வயிற்றை நிரப்பும், கலோரி மிகக் குறைவு. பருவத்தில் மலிவாகும் மரக்கறியை வாங்குவதே புத்தி. பூசணி, புடோல், பயற்றங்காய், வாழைப்பூ என்பன உயர்வில் எந்த இறக்குமதிக்கும் குறைந்தனவல்ல. அப்பிளிலும் பார்க்கக் கொய்யாவில் உயிர்ச்சத்து 'சி' பன்மடங்கு மிகுதி. கொய்யா நம் வளவிற் காய்ப்பது.

புரதத்துக்குப் பருப்பே எளியவர் நண்பன். உலர்ந்த பருப்பு 100 கிராமில் 24 கிராம் அளவிற் புரதம் உண்டு. மாலையில் வடைக்குப் பதிலாக ஊறவைத்து அவித்த கடலையோ பயறோ ஒரு கைப்பிடி உண்டால், இரவுச் சோற்றின் ஆசை தானே தணியும். புரதமும் நார்ச்சத்தும் பசியை நெடுநேரம் அடக்குவன. மீனுண்போர் பெருமீனைத் தேடி அலைதல் வேண்டா. சூடையும் நெத்தலியும் சத்திற் குறைந்தனவல்ல. கருவாடாயின் உப்பினை நீக்க நன்கு ஊறவைத்துக் கழுவுக. உப்பு நாளொன்றுக்கு 5 கிராமிலும் குறைதல் நலம்.

தேங்காய் பற்றிச் சொல்லாது விடுதல் இயலாது. 2024 ஆம் ஆண்டின் இறுதியில் அதன் விலை பெரிதும் ஏறியதைக் குடும்பத்தலைவியர் மறவார். சொதிக்கு முதற்பாலைத் தவிர்த்துப் பின்னெடுக்கும் நீர்ப்பாலைக் கொண்டே சமைக்கலாம். சம்பலைக் கறியாக அன்றித் தொடுகறியாகக் கொள்ளலாம். இங்கே விலையேற்றமும் வைத்தியரும் ஒரே சொல்லைச் சொல்லுகின்றனர்.

சில மயக்கங்கள்

குரக்கன் நீரிழிவைத் தீர்க்கும் என்று கருதி, குரக்கன் பிட்டினைக் குவித்து உண்பாரைக் கண்டிருக்கின்றோம். குரக்கனிற் கல்சியமும் நார்ச்சத்தும் மிகுதி என்பது மெய். ஆயினும் அதன் கலோரி அரிசியினதற்கு ஏறக்குறைய ஒப்பானதே. மொட்டைக்கறுப்பன் முதலிய சிவப்பரிசிக்கும் இஃதே விதி. தீட்டாத சிவப்பரிசி வெள்ளையரிசியிலும் நன்று. இரண்டு மடங்கு உண்பதற்கு அஃது அனுமதிச்சீட்டன்று. ஒடியற்கூழ் மரக்கறி பல சேர்த்துக் காய்ச்சினால் ஒரு வேளைக்குப் போதிய நல்லுணவு. அதன்பின் சோறும் வேண்டும் என்றால் பயன் இல்லை.

பனங்கட்டி சீனியன்று என்பதும் மயக்கமே. அதுவும் சர்க்கரையே. எனினும் சிறு துண்டினைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் அருந்தும் பழைய வழக்கில் ஒரு நயமுண்டு. இரண்டு கரண்டிச் சீனியின் வேலையை நகமளவு துண்டு செய்துவிடும்.

விரதநாளிற் பகல் முழுதும் உண்ணாதிருந்து, இரவிற் பாயசமும் வடையும் அப்பளமுமாக இரண்டு வேளை உணவினை ஒருவேளையில் உண்டால் நிறை குறையாது. விரதத்தின் பயன் அடக்கம் என்பதை நம் சமயம் அறிவித்தது. திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரமும் பெரும்பாலும் மூலிகையைப் பேசாது உணவின் அளவையே பேசுகின்றமை சிந்திக்கத்தக்கது.

போத்தலில் வரும் மென்பானங்களைக் குறித்து மாணவர்க்கு ஒரு சொல். 2016 முதல் இந்நாட்டில் அப்போத்தல்களிற் சீனியின் அளவு நிறக்குறியினாற் காட்டப்படுகின்றது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமிலும் மிகுந்தால் சிவப்பு. வீதிச் சந்தியிற் சிவப்பு விளக்கைக் கண்டு நிற்பவர், சிற்றுண்டிச்சாலையிலும் சிறிது நின்று யோசிப்பாராக.

காக்கவேண்டிய எல்லைகள்

வளரும் பிள்ளைகள், கருவுற்ற தாய்மார், பாலூட்டுவோர், மெலிந்த முதியோர் ஆகியோர்க்கு இக்கழித்தற் கணக்குப் பொருந்தாது. நீரிழிவுக்கு இன்சுலினோ சில மாத்திரைகளோ எடுப்பவர் உணவைத் திடீரெனக் குறைத்தால் குருதிச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். அவர்கள் வைத்தியரைக் கேட்ட பின்னரே தொடங்குதல் வேண்டும். முயலாமலே நிறை குறைந்து வருபவர் மகிழாது வைத்தியசாலைக்குச் செல்க. கிழமையில் அரைக் கிலோவிலும் விரைந்து குறைக்க ஆசைப்படுதலும் தகாது. விரைந்து இறங்கியது பெரும்பாலும் விரைந்து ஏறிவிடும்.

நடையும் வேண்டும். நாளுக்கு அரைமணி நேரம் வேகமாக நடத்தல் காசில்லாத மருந்து. சந்தைக்கு நடந்து சென்று கீரையை வாங்கி வருபவர் இரண்டு மருந்தினை ஒருங்கே பெறுகின்றார்.

இம்முறையை வீட்டில் ஒருவர் மட்டும் கைக்கொள்ளுதல் அரிது. அவருக்கென்று தனியே உலை வைத்தல் செலவும் சலிப்பும் தரும். வீட்டார் அனைவர்க்கும் ஒரே சமையல், பிள்ளைகளின் தட்டிற் சோறு கூடுதலாக, பெரியோர் தட்டிற் கறி கூடுதலாக என்று வகுப்பதே நடைமுறைக்கு ஏற்றது. விருந்தோம்பலிலும் சிறு மாற்றம் வேண்டும். வீட்டுக்கு வந்தவர்க்குச் சீனியைத் தேநீரிற் கலக்காது வேறாக வைத்தல் அன்பிற் குறைவன்று. வேண்டாம் என்பவரை வற்புறுத்தாமையும் உபசாரமே.

நண்பரின் செய்தியைச் சொல்லி முடிக்கின்றோம். கணக்கிட்டுக் கொடுத்த தாளை அவர் அடுக்களைச் சுவரில் ஒட்டிவைத்தார். கூட்டிய கீரையும் பருப்பும் சிறிது கலோரியைத் திருப்பித் தந்தபடியாலும், இடையிடையே கலியாண வீடுகள் வந்தபடியாலும், கணக்கின்படி எல்லாம் நடக்கவில்லை. ஆறு மாதத்தில் ஐந்து கிலோ குறைந்தார். ஓட்ஸ் வாங்கவில்லை, ஒலிவ் எண்ணெயும் வாங்கவில்லை. "கடைக் கணக்குக் கொப்பியிலும் சிறிது குறைந்திருக்கின்றது" என்று அவர் துணைவியார் சொன்னார். வைத்தியர் மாத்திரையை நிறுத்தவில்லை. ஆயினும் கூட்டவில்லை. இந்த வயதில் அதுவே பெரும்பேறு என்றார் நண்பர்.

இளைய மாணவர்களே, உங்களுக்கு இக்கணக்கு இன்று வேண்டாததாகத் தோன்றலாம். எமக்கும் உங்கள் வயதில் அவ்வாறே தோன்றிற்று. பழைய மாணவ அன்பர்களே, இன்றிரவு தட்டின்முன் அமரும்போது ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து ஒரு கரண்டி கீரையைக் கூட்டுங்கள். அடுத்த விழாவிற் பெயர்களை அழைக்கும்போது, இப்பட்டியலில் உள்ளோர் யாவரும் எழுந்து நின்று விடையளிக்க வேண்டுமென்பதே எம் விருப்பம்.